பெங்களூரா, வேலூரா, சேலமா? மூளைக் கட்டி என்று தெரிந்த பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெண்கள் முன் இருக்கும் இரண்டு முடிவுகள்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் அறிக்கை வந்து, அதில் மூளையில் கட்டி என்று எழுதியிருந்தால், அன்று மாலைக்குள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிடும். கட்டட வேலைக்குப் போய் பெங்களூரிலேயே தங்கிவிட்ட கொழுந்தனார், அங்குள்ள நிமான்ஸ் ஆஸ்பத்திரி என்பார். எப்போதோ வேலூர் போய்ப் பிழைத்து வந்த பெரியப்பா, அங்குள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். வீட்டில் காசு எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்த மாமியார், சேலம் பெரியாஸ்பத்திரி போதாதா என்று கேட்பார். கட்டி யார் தலையில் இருக்கிறதோ அந்தப் பெண், வந்தவர்களுக்கு அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த வாக்குவாதத்தைச் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். மூன்று கட்சிகளும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூளைக் கட்டிக்குப் பல நேரங்களில் இரண்டு கட்டச் சிகிச்சை உண்டு. அறுவை சிகிச்சை என்பது பெரும்பாலும் ஒரே முறை. சிக்கல் இல்லையென்றால் பத்து நாள் விவகாரம். கதிர்வீச்சு, அதாவது ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லப்படுவது, ஆறு வாரம் வரை இழுக்கும். முதலாவதற்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். இரண்டாவதற்கு, அந்தப் பெண் ராத்திரி எங்கே, யார் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள் என்பதைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்ய வேண்டும். இதுவே என் கட்சி. மற்ற ஒப்பீடெல்லாம் இதற்குள் அடங்கும்.

ஊரைப் பேசும் முன்

எவ்வளவு அவசரம் என்பது முதல் கேள்வி. அடுத்தடுத்து வலிப்பு, காலையில் பீறிட்டு வரும் வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கக் கலக்கம், திடீரென்று ஒரு பக்கக் கைகால் விழுந்துபோவது, இவற்றில் எது இருந்தாலும் ஊர் ஒப்பீடு பேச நேரமில்லை. 2008இல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ உடனே போக வேண்டும். சி.டி. எடுத்து, வலிப்பை நிறுத்தி, மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் அதன் பிறகு பயணம் பாதுகாப்பானது. வீக்கம் குறையாத பெண்ணைக் காரில் ஏற்றி, பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து சாலை அடைபடாத நாளாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம்.

நல்லவேளையாக, பெரும்பாலான கட்டிகள் அந்த அளவுக்கு விரட்டுவதில்லை. சில நாட்களோ வாரங்களோ அவகாசம் இருக்கும். அந்த அவகாசத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது என்ன கட்டி என்பது. அதைப் பொறுத்து ஊர் மட்டுமல்ல, பார்க்க வேண்டிய மருத்துவரே மாறிவிடுவார்.

வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்து, அதில் ஒரு சிறு புள்ளி தெரிந்தால் உடனே புற்று என்று அழத் தொடங்கிவிடுகிறார்கள். நம் நாட்டில் அப்படித் தெரியும் புள்ளிகளில் பல, காசநோய்க் கட்டியாகவோ நாடாப்புழு முட்டையால் வந்த கொப்புளமாகவோ இருக்கும். இரண்டுக்கும் மாத்திரை உண்டு. மண்டையைத் திறப்பதற்கு முன் இந்தச் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும்.

மாதவிலக்கு நின்றுபோய், கைக்குழந்தை இல்லாத நேரத்தில் மார்பில் பால் கசிந்தால், பெண்கள் மகப்பேறு மருத்துவரிடம்தான் போவார்கள். புரோலாக்டின் என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு மிக அதிகமாக வந்து, பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று தெரிந்தால், பெரும்பாலும் அறுவையே வேண்டாம். காபர்கோலின் என்ற மாத்திரையில் கட்டி சுருங்கும், மாதவிலக்கு திரும்பும், குழந்தைப் பேறும் கூடிவரும். குழந்தை இல்லை என்று வருடக்கணக்காகப் பேச்சு வாங்கிய ஒரு மருமகளின் கோளாறு இதுவாக இருந்திருக்கலாம். ஆனால் இதே கட்டி பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்தினால், பக்கவாட்டில் வரும் வண்டி கண்ணில் படாது. கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக்கொண்டே இருந்தால் இது பிடிபடாது. கண் மருத்துவர் பார்வைப் பரப்பைச் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று மார்பகம். ஒரு பெண்ணின் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் தெரிந்தால், அவை வேறு எங்கிருந்தோ பரவியவையாக இருக்கலாம். பெண்களிடம் மார்பகமும் நுரையீரலும் முதல் சந்தேகம். மார்பில் கட்டி இருந்து அதை வெட்கப்பட்டுச் சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு. இந்த நிலையில் நரம்பு அறுவை மருத்துவரிடம் மட்டும் ஓடுவதில் பயனில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மையமோ, பெங்களூரு கித்வாயோ, முழுப் புற்றுநோய் மருத்துவமனையே சரியான முதல் வாசல்.

பார்த்துக்கொண்டிருப்பதா, அறுப்பதா, காமா கத்தியா

பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வருவது மெனிஞ்சியோமா. மூளையைச் சுற்றிய உறையில் வளரும் கட்டி இது. பெரும்பாலும் புற்று அல்ல. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது, தொல்லை எதுவும் தராத சிறு மெனிஞ்சியோமா தெரியவரும். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றில் எதையும் செய்யாமல் பயந்துகொண்டே வீட்டில் இருப்பது நான்காவது வழியாக நம் ஊரில் நடக்கிறது.

சிறியது, அறிகுறி இல்லை என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட முறை. முதலில் ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று போகும். செலவு குறைவு. ஆனால் இதற்கு ஒரு மனத்திடம் வேண்டும். தலையில் கட்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறாய் என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கும். அறுபது எழுபது வயதுப் பெண்களுக்கு நான் இந்த வழியைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

கட்டி பெரிதாக இருந்தாலோ, வலிப்போ பார்வைக் குறைவோ தந்தாலோ, அறுவை. முழுவதும் எடுக்க முடிந்தால் பல பேருக்கு அதோடு முடிந்துவிடும். எடுத்த கட்டியைப் பரிசோதித்து என்ன வகை என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் அறுவையில்தான்.

காமா கத்தி என்பது கத்தி இல்லை. பல திசைகளிலிருந்து நுண்ணிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பது. பெரும்பாலும் ஒரே நாளில் முடியும், தலையைத் திறப்பதில்லை. பொதுவாக மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்குத்தான் இது. கட்டி மறைந்துவிடும் என்று எண்ணிப் போகக் கூடாது. வளர்வது நிற்கும், சிலருக்கு மெல்லச் சுருங்கும். அறுவைக்குப் பயந்து, ஐந்து சென்டிமீட்டர் கட்டியோடு காமா கத்தி கேட்டு அலைபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இதில் பெண்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு தகவல் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி, அரசு மருத்துவமனைகளில் அந்தரா என்ற பெயரில் 2017 முதல் தரப்படுவது, மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த பிரான்ஸ் நாட்டு ஆய்வு, இந்த ஊசியை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டவர்களிடம் அறுவை தேவைப்படும் மெனிஞ்சியோமா ஐந்து மடங்குக்கு மேல் அதிகம் என்று கண்டது. நோயே அரிது என்பதால், அதிகமான பிறகும் ஆபத்து சிறியதுதான். ஊசி போட்ட எல்லோரும் அலற வேண்டியதில்லை. ஆனால் மெனிஞ்சியோமா இருப்பது தெரிந்த பிறகும் அந்த ஊசியைத் தொடர்வது சரியல்ல. நரம்பு மருத்துவருக்கு இந்த ஊசி விவரம் தெரிந்திருக்காது. உடன் வரும் கணவருக்குப் பல நேரம் நினைவிருக்காது. அவளே சொன்னால்தான் உண்டு.

அறுவைக்கு எந்த ஊர்

நிமான்ஸ் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று சொல்லத் தோன்றுகிறது. நாடு முழுவதிலுமிருந்து மக்கள் தேடி வரும் மத்திய அரசு நிறுவனம், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90. அதுவும் ஓசூர் ரோட்டின் மேலேயே. சாந்திநகர் போகும் நம் பஸ், மடிவாளாவைத் தாண்டியதும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. மூளை, நரம்பு, மனநலம் என்று அதற்காகவே இருக்கும் இடம். கட்டணம் தனியார் மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காமா கத்தியும் உண்டு. அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. தமிழ் தெரிந்த ஊழியர்களும் நோயாளிகளும் நிறைய. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்களுக்குக் கன்னடமோ தெலுங்கோ வீட்டு மொழியாகவே இருக்கும். அவர்களுக்கு மொழித் தொல்லை துளியும் இல்லை.

குறை என்ன என்றால், காத்திருப்பு. அவசரமில்லாத கட்டி என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், அறுவைக்குத் தேதி கிடைக்க நாளாகும். விடியற்காலையில் பதிவுக்கு நிற்பதும், கட்டடம் கட்டடமாக அலைவதும் உண்டு. அடுத்த குறை பணம் சார்ந்தது. நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினால், அது அப்படியே செல்லும் என்று நம்பிவிடக் கூடாது. போகும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். வறுமைக்கோட்டு அட்டையும் வருமானச் சான்றும் இருந்தால், அங்குள்ள சமூகப் பணியாளர் மூலம் கட்டணச் சலுகை கேட்கலாம். வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யின் பெருமைக்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது அங்கேதான். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர். அரூர், மொரப்பூர்ப் பக்கத்தவர்கள் மொரப்பூரில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கலாம், ஊத்தங்கரைக்காரர்களுக்குச் சாமல்பட்டி. பஸ்ஸில் குலுங்கினால் வாந்தி வரும் நிலையில் உள்ள பெண்ணுக்கு ரயில் பெரிய உதவி. சி.எம்.சி.யில் எனக்குப் பிடித்தது, அறுவை, நோயியல் பரிசோதனை, கதிர்வீச்சு, கீமோ எல்லாம் ஒரே நிறுவனத்துக்குள், ஒரே பதிவு எண்ணில் நடப்பது. நிமான்ஸில் அறுவை முடிந்தவர்களைக் கதிர்வீச்சுக்கு வேறிடம் அனுப்புவது வழக்கம்; பக்கத்திலேயே கித்வாய் இருக்கிறது என்றாலும் புதிய பதிவு, புதிய வரிசை.

ஆனால் சி.எம்.சி. அரசு மருத்துவமனை அல்ல. லாப நோக்கமில்லாதது என்றாலும் பில் பில்தான். பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு வகைப் பதிவு உண்டு. தெரியாமல் தனிப் பிரிவில் பதிந்துவிட்டுச் செலவைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வேலூர் நகரிலும் ராணிப்பேட்டை அருகிலும் வளாகங்கள் இருப்பதால், எந்த வளாகத்துக்கு வர வேண்டும் என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களால் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ்கள் நிறைந்திருக்கின்றன. அடுப்போடு அறை கிடைக்கும், சமைத்துச் சாப்பிடலாம். யார் சமைப்பது என்பது வேறு கேள்வி. அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள், தலையில் கட்டோடு நோயாளியே புருஷனுக்குச் சோறு வடித்ததை நானே பார்த்தேன்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது, காப்பீட்டு அட்டை செல்கிறது, தமிழில் பேசி விளங்கிக்கொள்ள முடிகிறது, பென்னாகரத்திலிருந்தோ நல்லம்பள்ளியிலிருந்தோ மாற்றாளாகக் காலையில் ஒருவர் வந்து மாலையில் இன்னொருவர் திரும்பலாம். எளிதாக எட்டும் இடத்திலுள்ள மெனிஞ்சியோமாவுக்கோ, மூளையில் தேங்கும் நீரைத் திருப்பிவிடும் குழாய் வைப்பதற்கோ இவ்வளவு போதும். பேச்சு மையத்தை ஒட்டிய கட்டி, மூளைத் தண்டருகே உள்ள கட்டி என்றால் மட்டும் நான் தூரம் போகச் சொல்வேன். அப்படிப்பட்ட கட்டிகளை வாரந்தோறும் அறுக்கும் கைகள் வேண்டும். பேசவைத்துக்கொண்டே அறுக்கும் விழிப்பு நிலை அறுவை போன்றவற்றுக்குப் பழகிய குழு வேண்டும். மருத்துவரிடம் நேரடியாகவே கேட்கலாம்: இது போன்ற கட்டியை இங்கே அடிக்கடி எடுக்கிறீர்களா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்படுவதில்லை.

சென்னை நமக்குக் கடைசி. கிருஷ்ணகிரியிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு பழம்பெருமை வாய்ந்தது. அங்கே உறவினர் வீடு இருந்தால் தாராளமாகப் போகலாம். தரமணியில் 2019இல் தொடங்கிய புரோட்டான் கதிர்வீச்சு மையத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கும், மண்டையோட்டின் அடித்தளத்தில் வரும் சில வகைக் கட்டிகளுக்கும் அதன் பயன் தெளிவாக இருக்கிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைப் புற்று வந்த அம்மாவுக்காக நிலத்தை விற்று அங்கே போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற வழக்கமான இயந்திரத்தில் தரும் கதிர்வீச்சே அதற்கு நிலைத்த சிகிச்சை.

கரண்ட் வைக்கும் ஆறு வாரம்

கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான முறை, 30 தடவை கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். கூடவே தினமும் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை. பிறகு மாதம் ஐந்து நாள் வீதம் ஆறு சுற்று. மற்ற வகைகளுக்கும் தடவைகளில் சற்று முன்பின் இருக்குமே தவிர, வாரக்கணக்குதான். இயந்திரத்தில் இருப்பது தினம் கால் மணி நேரம். மீதி நாள் முழுவதும் அந்தப் பெண் எங்கே இருப்பாள்?

ஆண் நோயாளி என்றால் மனைவி கூடவே போய்விடுகிறாள்; வீட்டை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். பெண் நோயாளி என்றால் கணவர் முதல் வாரம் இருப்பார், பிறகு வேலை, மாடு, மகனின் பள்ளிக்கூடம் என்று ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவார். மூன்றாவது நான்காவது வாரத்தில் களைப்பு கூடிக்கொண்டே போகும், உடன் இருப்பவர்கள் குறைவதும் அப்போதுதான். பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பும் பெண்கள் திரும்புவது இந்தக் கட்டத்தில். மருந்துக்குப் பயந்து நிறுத்துவதைவிட, கூட ஆள் இல்லாமல் நிறுத்துவது அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே கதிர்வீச்சுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, இயந்திரத்தின் மாடலைவிட அக்காவின் வீடு முக்கியம். தேவையான தரத்தில் லீனியர் ஆக்சிலரேட்டர் இருக்கிறதா, அறுவை செய்த மருத்துவர் அந்த இடத்தை ஒப்புக்கொள்கிறாரா என்ற இரண்டும் சரியென்றால், எந்த ஊரில் அம்மாவோ தங்கையோ ஓரகத்தியோ இருக்கிறார்களோ அந்த ஊர். பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் மகள் குடியிருந்தால் கித்வாய்; 1973இல் தொடங்கிய அந்த மருத்துவமனை கர்நாடக அரசுடையது, செலவு கைக்கடக்கம். யாருமே இல்லை, லாட்ஜ்தான் என்றால் வேலூர் பெங்களூரைவிட மலிவு, நடந்தே போய் வரலாம். தர்மபுரி நகரத்தில் இருப்பவர் சேலத்துக்குத் தினம் போய் வரலாமா என்றால், முதல் இரண்டு வாரம் முடியும், அதன் பிறகு உடம்பு ஒத்துழைக்காது. சேலத்தில் அரசு மருத்துவமனையிலோ காப்பீட்டு அட்டையை ஏற்கும் தனியார் மருத்துவமனையிலோ சேர்க்க முடியுமா என்று பார்த்து, கடைசி மூன்று வாரத்துக்கு அங்கேயே ஓர் அறை எடுப்பது நல்லது.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினம் போய் வருவதைப் பலர் செய்கிறார்கள். காலை நேரம் கேட்டு வாங்கினால் முடியும். மகளிர் இலவசப் பயணத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். நம் மாநிலத் திட்டம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான், கர்நாடகத்தின் சக்தித் திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். ரயிலில், புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போவதற்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை முத்திரையிட்ட படிவம் வேண்டும். தர்மபுரி, ஓசூர் நிலையங்கள் இரண்டும் பெங்களூரு பாதையில் இருப்பதால் இது உதவும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை என்ற பழைய குறை இங்கேயும் கடிக்கிறது.

அறுவை ஓரிடம், கதிர்வீச்சு ஓரிடம் என்று பிரித்தால் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் சிடிக்கள், சதைப் பரிசோதனை அறிக்கை, கட்டியைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகள், கண்ணாடித் தகடுகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை மட்டும் போதும் என்று வந்துவிடுகிறார்கள். 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, மரபணுப் பரிசோதனை முடிவையும் சேர்த்தே கட்டியின் பெயரைச் சொல்கிறது. அந்தப் பரிசோதனையைப் பிறகு செய்ய நேர்ந்தால் மெழுகுக் கட்டை தேவை.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. நோய் வந்த பிறகும் அட்டை எடுக்கலாம்: கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையம். ஸ்கேன் அறிக்கை வந்த அன்றே வீட்டில் ஒருவர் இதற்குக் கிளம்பிவிட வேண்டும். தனியார் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்ற பதிலோடு நிற்காமல், இந்த நோய்க்கு, இந்த அறுவைக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அனுமதி பிரிவு வாரியாகத்தான் தருகிறார்கள். அட்டையில் அடங்காதவை அறை வாடகை, சாப்பாடு, பயணம், இழந்த கூலி. குழுக் கடன் தவணை ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், தலைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு வசூல் போன் வருவதைப் போலக் கொடுமை வேறில்லை.

அவளிடம் யாரும் பேசாதவை

முடியைப் பற்றி முதலில். ஆண்கள் இதை அற்பம் என்று ஒதுக்குகிறார்கள். பெண்கள் கேட்காமலே அழுகிறார்கள். இப்போது பல இடங்களில் அறுவைக்குத் தலை முழுவதும் மழிப்பதில்லை, வெட்டும் கோட்டை ஒட்டி ஒரு பட்டைதான். முன்கூட்டிக் கேட்டால் செய்வார்கள். கதிர்வீச்சில் கதிர் புகுந்து வெளியேறும் இடத்தில் முடி கொட்டும். டெமோசோலோமைடில் பொதுவாக முழுத் தலையும் கொட்டுவதில்லை. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி முதலிலேயே தீர்த்தமலை போய் மொட்டை போட்டுக்கொண்டாள். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றாள். கேள்வி அதோடு நின்றது.

வலிப்பு மாத்திரையும் ஒரு தேர்வுதான். குழந்தை பெறும் வயதில் உள்ளவர்களுக்கு வால்புரோயேட் தவிர்க்க வேண்டியது, கருவைப் பாதிக்கும். பினிட்டாயின், கார்பமசெபின் இரண்டும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். லெவெடிராசெட்டம் இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது என்பதால் மருத்துவர்கள் அதைப் பெரிதும் எழுதுகிறார்கள். சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். அவளுக்குத் திமிர் வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னால், மாத்திரையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் முகத்தை ஊத வைக்கும், சர்க்கரையை ஏற்றும். ஆனால் தானாகத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. கீமோ தொடங்கும் முன், இன்னும் குழந்தை வேண்டுமா என்ற கேள்வியை அவளிடம், தனியாக, யாராவது கேட்க வேண்டும். கருமுட்டையைச் சேமிக்க வழி உண்டு, செலவும் உண்டு, கீமோ தொடங்கிய பிறகு அது மிகவும் கடினம்.

வலிப்பு வரக்கூடிய பெண் கிணற்றில் நீர் இறைப்பதையும் விறகடுப்பில் தனியே சமைப்பதையும் ஸ்கூட்டர் ஓட்டுவதையும் நிறுத்தியாக வேண்டும். இதை மருத்துவர் கணவரிடமும் மாமியாரிடமும் நேரில் சொன்னால்தான் வீட்டில் நடக்கும். கைகால் பலவீனத்துக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி தர, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கிராமச் செவிலியரிடம் பெயர் பதிந்தால் போதும்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு நான் யாருக்கு எதைச் சொல்வேன்? ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பெண்ணுக்கு அறுவை நிமான்ஸ், கதிர்வீச்சு கித்வாய். வேறு யோசனை வேண்டாம். கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை என்றால் சி.எம்.சி.யும் நிமான்ஸும் சமம்; கையில் பணம் கொஞ்சம் இருந்து எல்லாம் ஓரிடத்தில் முடிய வேண்டுமென்றால் வேலூர், இல்லையென்றால் பெங்களூரு. தர்மபுரி, பென்னாகரம், நல்லம்பள்ளிக்கு, எளிய கட்டி என்றால் அறுவையும் சேலத்திலேயே. சிக்கலானது என்றால் அறுவைக்கு மட்டும் நிமான்ஸ், கதிர்வீச்சுக்குச் சேலம். அரூர்க்காரர்கள் மொரப்பூர் ரயிலை நினைவில் வைத்து வேலூரைப் பார்க்கலாம். அவள் வேறு ஊர் சொன்னால், காரணத்தைக் கேட்ட பிறகு என் பட்டியலைத் தூக்கிப் போடலாம்.

சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எம்ஆர்ஐக்காக ஒவ்வொரு தடவையும் பெங்களூருக்கோ வேலூருக்கோ ஓட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அறுவை செய்த மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஸ்கேனை உள்ளூரிலேயே எடுக்கலாம். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் அதே மையத்தில், மருத்துவர் எழுதித் தந்த அதே முறையில். அறிக்கைத் தாளோடு சிடியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.